நண்டு சிண்டுகளோடு ஆட உட்காரும்போது: வீட்டுக்குள் ஆடும் ஆட்டங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்தபின் எங்கள் தெருவுக்கு 17 நாள் மின்சாரம் இல்லை. மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். தென்னையெல்லாம் சாய்ந்து கிடந்தது, பள்ளிக்கூடம் மூடியிருந்தது. என் மாமியார் கூடத்துத் தரையில் சாக்பீஸால் தாயக்கட்டம் போட்டார். என் மகளுக்கு அப்போது 4 வயது. அவளையும் உட்கார வைக்க வேண்டுமே என்று தினம் ஒரு விதியை மாற்றினோம். அந்தப் பழக்கம் வீட்டில் நின்றுவிட்டது. இப்போது இளையவனுக்கு 5 வயது. மழை லீவிலும் மே மாத விடுமுறையிலும் தெருப் பிள்ளைகள் பாதிப் பேர் எங்கள் கூடத்தில்தான் இருப்பார்கள். சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்?

3 வயதில் கட்டையை உருட்டுவதும் காயைத் தூக்கித் தூக்கி வைப்பதும்தான் ஆட்டம். 4 வயதில் "இப்போ உன் முறை, அப்புறம் என் முறை" என்பது பிடிபடும். விதி எல்லாருக்கும் பொது என்று மனதில் பதிய 5, 6 ஆகிவிடும். பிள்ளைக்குப் பிள்ளை இது மாறும். என் மகள் 4 வயதிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மகன் 5 வயதிலும் நடுவில் எழுந்து ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வந்துதான் அடுத்த காயை நகர்த்துகிறான். இரண்டும் சரிதான்.

3 வயதுக் குட்டியைச் சேர்க்காவிட்டால் அழுகிறாள், சேர்த்தால் ஆட்டம் கெடுகிறது. என்ன செய்வது?

இதற்கு நம் தெருவிலேயே பழைய வழி இருக்கிறது: ஒப்புக்குச் சப்பாணி. ஆட்டத்தில் அவள் உண்டு, உருட்டுவாள், காய் வைப்பாள், ஆனால் அவுட் கிடையாது, கணக்கிலும் வராது. இவ்வளவு கனிவான விதியை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

ஆனால் இதற்கு ஒரு காலக்கெடு உண்டு. 4 வயது தாண்டியதும் "நான் கணக்கில் இல்லையா?" என்று பிள்ளை கேட்டுவிடும். கேட்ட அன்றே நிறுத்திவிடுங்கள். அதற்கு அப்புறம் செல்லமாகச் சொன்னாலும் அந்தச் சொல் குத்தும். அதுவரை அவளுக்கு உண்மையான ஒரு வேலை கொடுங்கள். எல்லாருக்கும் கட்டையை எடுத்துக் கொடுப்பது அவள், வெட்டுப்பட்ட காயை வெளியே வைப்பது அவள் என்று இருந்தால் பத்து நிமிஷம் அசையாமல் இருப்பாள்.

எங்கள் வீட்டில் இன்னொன்று செய்வோம். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை ஒன்று இருக்கிறது, களிமண் அடியும் காகிதக்கூழ் உடம்புமாக. யாருடைய முறையோ அவர் முன்னால் அதை நகர்த்தி வைப்பது சின்னவளின் பொறுப்பு. ரொம்ப நேரம் யோசிப்பவர்களுக்கு பொம்மையை ஒரு தட்டு தட்டிவிடுவாள். அது ஆடி நிற்பதற்குள் காயை நகர்த்திவிட வேண்டும். பெரியவர்களுக்கும் இது ஒரு பரபரப்பைத் தருகிறது.

சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா வாங்கி வந்த பெட்டியில் 8 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கிறது. என் பிள்ளைக்கு 5. கொடுக்கலாமா?

பெட்டியில் இரண்டு வகையான வயது இருக்கும், குழப்பிக்கொள்ளாதீர்கள். வட்டத்துக்குள் குழந்தை முகமும் 0-3 என்ற எண்ணும் போட்டுக் குறுக்கே ஒரு கோடு இருந்தால், அது பாதுகாப்பு எச்சரிக்கை. உள்ளே தொண்டையில் சிக்கும் அளவுக்குச் சின்னப் பொருள் இருக்கிறது என்று பொருள். அதற்கு மறுபேச்சே இல்லை. வீட்டில் 3 வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் அது தூங்கும்போது மட்டும் அந்தப் பெட்டியைத் திறங்கள், முடித்ததும் காய்களை எண்ணி உள்ளே வையுங்கள்.

8 வயது என்று போடுவது பெரும்பாலும் எழுத்தைப் படிக்க வேண்டும், நிறைய விதி இருக்கிறது, ரொம்ப நேரம் ஆகும் என்பதற்காக. இதை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். சீட்டில் இருப்பதைப் பெரியவர் படித்துச் சொல்லலாம், பாதிச் சீட்டை எடுத்துவிடலாம், நேரத்தைக் குறைக்கலாம்.

கடையில் புதிதாக வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு அது கட்டாயம். ஒரு முறை திருவிழாக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிய காய்களில் சாயம் விரலில் ஒட்டியது, மகன் அதே விரலை வாயில் வைத்தான். அன்றே தூக்கிப் போட்டேன்.

முதலில் எந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பது?

நம் பக்கத்தில் ஆற்றில் தண்ணீர் விட்டால் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதானே: கடைமடைக்கு வந்ததா? தலைமடையில் எவ்வளவு பாய்ந்தாலும் கடைமடை காய்ந்தால் அந்த வருஷம் சரியில்லை என்றுதான் சொல்வோம். நான் ஆட்டத்தையும் அப்படித்தான் பார்க்கிறேன். உட்காருகிறவர்களில் கடைக்குட்டி யாரோ, அவனுக்கு ஆட்டம் வந்து சேருகிறதா என்று பாருங்கள். அண்ணனுக்கும் அப்பாவுக்கும் பிடித்ததை வாங்கிவிட்டு, சின்னவனைப் பொறுமையாக இரு என்று சொல்லிப் பயனில்லை.

நான் பார்ப்பது இவற்றைத்தான். அவன் முறை சீக்கிரம் திரும்பி வருகிறதா? நாலு பேர் ஆடினால் அவன் முறை வருவதற்குள் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகக் கூடாது. பாதியில் யாரையாவது வெளியேற்றும் ஆட்டமா? அப்படியென்றால் சின்னவர்கள் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். கால் மணி நேரத்தில் முடியுமா? கையில் பிடிக்கக் காய் பெரிதாக இருக்கிறதா? இவ்வளவு போதும். படம் அழகாக இருக்கிறதா, பெட்டி பெரிதா என்பதெல்லாம் கடையில் நிற்கும் வரைக்கும்தான்.

தாயம் சொல்லிக்கொடுத்தேன். தாயம் விழாமல் பிள்ளை அழுதுவிட்டான்.

பெரும்பாலும் இங்கேதான் சின்னவர்கள் உடைந்துபோகிறார்கள், காரணம் கணக்கிலேயே இருக்கிறது. தாயம், அதாவது 1, விழுந்தால்தான் காயைக் கட்டத்தில் இறக்க முடியும். பித்தளைத் தாயக்கட்டையில் பக்கத்துக்கு ஒன்றாக 1, 2, 3 புள்ளிகள், ஒரு பக்கம் வெறுமை. இரண்டு கட்டையை உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் ஒன்று வெறுமையாகவும் மற்றது 1 ஆகவும் விழுவது இரண்டே விதம். அதாவது 8 உருட்டலுக்கு 1 முறைதான் தாயம். நாலு பேர் ஆடும்போது எட்டாவது முறை வருவதற்குள் 5 வயதுப் பிள்ளைக்கு ஒரு யுகம் போய்விடும். மற்றவர்கள் காய் இறக்கி ஓடிக்கொண்டிருக்க, அவன் மட்டும் வெறும் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

மாற்ற மூன்று வழி இருக்கிறது. தாயம் மட்டுமில்லாமல் மறு உருட்டல் கொடுக்கும் 5, 6, 12 (இரண்டு கட்டையும் வெறுமையாக விழுவதுதான் 12) எல்லாவற்றுக்கும் காய் இறக்கலாம் என்று வைத்தால், 16-இல் 6 விதம் ஆகிவிடுகிறது. இரண்டாவது வழி, கட்டையை விட்டுவிட்டுப் புளியங்கொட்டைக்கு வருவது. 4 கொட்டையை ஒரு பக்கம் மட்டும் சிமெண்டுத் தரையில் உரசி வெள்ளையாக்குங்கள். குலுக்கிப் போட்டு எத்தனை வெள்ளை தெரிகிறதோ அத்தனை. ஒரே ஒரு வெள்ளை தெரிந்தால் தாயம். இது ஏறக்குறைய 4 முறைக்கு 1 முறை விழும். எண்ணுவதும் சுலபம், வெள்ளையை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணலாம். உரசும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள், அரை மணி நேரம் சத்தமில்லாமல் போகும். சூடேறிய கொட்டையை யார் கையிலாவது வைத்துச் சுட்டுப் பார்ப்பார்கள், அதற்கு மட்டும் ஒரு கண் இருக்கட்டும். மூன்றாவது வழி ரொம்ப எளிது: சின்னவர்களின் முதல் காய் ஆரம்பத்திலேயே கட்டத்தில் இருக்கட்டும்.

மற்றபடி ஆளுக்கு 2 காய் போதும். 7-க்கு 7 கட்டம் வேண்டாம், 5-க்கு 5 போடுங்கள். "ஒரு காயாவது வெட்டினால்தான் உள்சுற்றுக்குப் போகலாம்" என்ற விதியை 7 வயது வரைக்கும் எடுத்துவிடுங்கள். வெட்டுவதையே எடுத்துவிடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். வெட்டு இல்லாத தாயத்தில் உப்பு இல்லை. அதற்குப் பதில் குறுக்குக் கோடு போட்ட கட்டங்களை, எங்கள் வீட்டில் மலை என்போம், ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்று கூட்டிவிடுங்கள். மலையில் நிற்கும் காயை வெட்ட முடியாது. "அடுத்த மலைக்கு ஓடிடு, ஓடிடு" என்று பிள்ளைகள் தங்கள் காயையே விரட்டுவதைக் கேட்க ஆனந்தமாக இருக்கும். வெட்டுப்பட்ட காய் ஆரம்பத்துக்குப் போகாமல், கடைசியாகத் தாண்டி வந்த மலைக்குத் திரும்பினால் போதும் என்றும் வைக்கலாம். நடுக்கட்டத்துக்குப் போய்ப் பழமான காயை எடுத்து அவன் கையில் கொடுங்கள், அதை அவன் மடியில் வைத்துக்கொள்வான்.

பல்லாங்குழி? எங்கள் அம்மாயி வீட்டுப் பரணில் ஒன்று இருக்கிறது, குன்றிமணியோடு.

முதலில் அந்தக் குன்றிமணியை எடுத்து அப்புறப்படுத்துங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சிவப்பும் கறுப்புமான அந்த விதைக்குள் இருப்பது கொடிய விஷம். முழுதாக விழுங்கினால் மேல்தோல் கெட்டியாக இருப்பதால் சில சமயம் தப்பிக்கலாம், ஆனால் கடித்து மென்றாலோ ஓட்டை போட்டுக் கோத்திருந்தாலோ ஆபத்து. ஒன்றை மென்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலும் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நம் பாட்டிமார்கள் அதை வைத்துத்தான் ஆடினார்கள், உண்மைதான். அவர்கள் ஆடும்போது நிச்சயம் யாராவது ஒருவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். புளியங்கொட்டையோ சோழியோ போதும். அதுவும் 3 வயதுக்கு மேல்தான். அதற்குக் கீழே உள்ளவர்கள் வாயில் மட்டுமில்லை, மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள்.

ஆட்டத்தைப் பற்றி. பக்கத்துக்கு 7 குழியாக 14 குழி, குழிக்கு 5 முத்து என்றால் 70 முத்து. 5 வயதுப் பிள்ளைக்கு இது கடல். முட்டை அட்டையில் பக்கத்துக்கு 4 குழி இருக்கும்படி வெட்டிக்கொண்டு, குழிக்கு 3 கொட்டை போடுங்கள், மொத்தம் 24. ஒரு குழியிலிருந்து அள்ளி, அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட்டு, கையில் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி காலியாக இருந்தால் அதற்கு அடுத்த குழியில் உள்ளது உங்களுக்கு. அத்தோடு முறை முடிந்தது. முதல் வாரம் இவ்வளவுதான். ஒரு குழியில் 4 சேர்ந்தால் அது பசு, குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்ளலாம் என்ற விதியை அடுத்த வாரம் சேருங்கள். "பசு!" என்று கத்துவதற்காகவே எண்ணிக்கொண்டிருப்பார்கள். 4 என்ற எண்ணை எண்ணிப் பார்க்காமல் பார்த்ததும் சொல்லும் கண் அவர்களுக்கு இப்படித்தான் வருகிறது.

யார் ஜெயித்தார்கள் என்பதைக் கடைசியில் எண்ண வேண்டாம், இரண்டு பேர் முத்தையும் இரண்டு வரிசையாகத் தரையில் அடுக்குங்கள். எந்த வரிசை நீளம் என்று பிள்ளையே பார்த்துக்கொள்ளும்.

பாம்புக் கட்டம் வெறும் அதிர்ஷ்டம்தானே? அதில் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்?

அதிர்ஷ்டம் என்பதுதான் அதன் பெரிய நன்மை. 4 வயதுப் பேத்தியும் 70 வயதுத் தாத்தாவும் சமமாக ஆடக்கூடிய ஆட்டம் வேறு எத்தனை இருக்கிறது? வைகுண்ட ஏகாதசி இராத்திரி கண் விழிக்க வீடு முழுவதும் பரமபதப் படத்தைச் சுற்றி உட்காருவதும் அதனால்தான் முடிகிறது.

எண்ணுக்கும் இது நல்லது. அமெரிக்காவில் ராபர்ட் சீக்ளர், கீதா ரமணி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஏழைக் குடும்பத்து மழலையர் பள்ளிப் பிள்ளைகளோடு ஆடிப் பார்த்து 2008-இல் எழுதினார்கள். 1 முதல் 10 வரை ஒரே வரிசையில் எண் எழுதிய பலகை. கால் மணி நேரம் அளவில் நாலு தடவை ஆடியதிலேயே எண்களின் அளவைப் பிள்ளைகள் முன்பைவிட நன்றாக உணர்ந்தார்கள். எண்ணுக்குப் பதில் நிறம் மட்டும் பூசிய பலகையில் ஆடியவர்களுக்கு அந்த முன்னேற்றம் வரவில்லை. வட்டமான பலகையைவிட நேர்கோட்டுப் பலகை அதிகம் பயன்பட்டது என்பதும் அவர்களுடைய அடுத்த ஆய்வில் தெரிந்தது.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய சின்ன விஷயம் எண்ணும் முறை. காய் 14-இல் நிற்கிறது, 3 விழுந்தது என்றால் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நகர்த்தாமல் "பதினைந்து, பதினாறு, பதினேழு" என்று கட்டத்து எண்ணைச் சொல்லி நகர்த்தச் சொல்லுங்கள். இப்படிச் சொல்லி ஆடினால்தான் பலன் கூடுதல் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் தடுமாறுவார்கள், நீங்களும் கூடவே சொல்லுங்கள்.

விதியை மாற்ற வேண்டுமென்றால்: 100 கட்டம் வேண்டாம், தரையில் 30 போடுங்கள். உச்சிக்குப் பக்கத்தில் வாய் பிளந்து படுத்திருக்கும் நீளப் பாம்பின் தலையில் ஒரு ரூபாய் வைத்து மூடிவிடுங்கள், அன்றைக்கு அந்தப் பாம்பு தூங்குகிறது. 6 வயதானவர்களுக்கு இரண்டு பகடை கொடுத்து, இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏணிக்கு 4 வேண்டும், பாம்புக்கு 2, எதை எடுப்பது? அந்த நிமிஷத்தில் அதிர்ஷ்டம் பாதியாகி யோசனை பாதியாகிறது.

தோற்றால் பலகையைத் தட்டிவிட்டு அழுகிறான். நாங்களே தோற்றுக் கொடுக்கலாமா?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான், நான் அதிகம் தடுமாறியதும் இதில்தான்.

பிள்ளைக்குத் தெரியாமல் தோற்றுக் கொடுக்காதீர்கள். 5 வயதுப் பிள்ளை நம் முகத்தைப் படித்துவிடும். என் மகளோடு நான் ஒரு மாதம் அப்படி ஆடினேன். ஒரு நாள் அவள் என் காயைக் காட்டி, "அம்மா, இதை வெட்டியிருக்கலாமே, ஏன் வெட்டலை?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அதுவரை அவள் ஜெயித்த எல்லா ஆட்டமும் அந்த ஒரு கேள்வியில் அவளுக்கு இல்லாமல் போய்விட்டது. அவள் முகம் வாடியதை இன்னும் மறக்க முடியவில்லை. என் மாமியார் அதற்கு நேர்மாறு. தாயத்தில் உட்கார்ந்தால் பேரன் என்று பார்க்க மாட்டார், வெட்ட வேண்டியதை வெட்டுவார். ஆனால் ஆட்டம் தொடங்கும் முன்பே, "எனக்கு மூணு காய், உனக்கு ரெண்டு காய்தான். நீ சின்னவன், கொஞ்சம் கம்மியா ஓடினா போதும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவார். அப்பாயியை அவன் முதல்முறை ஜெயித்த அன்று தெருமுனைக் கடைவரை போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

அதனால் நான் கண்டது இது: சலுகையை ஆட்டத்துக்கு முன்னால், வெளிப்படையாக, விதியாகக் கொடுங்கள். காயைக் குறைக்கலாம். பத்துக் கட்டம் முன்னால் நிற்க வைக்கலாம். பெரியவர் ஒரு முறை உருட்டினால் சின்னவர் இரண்டு முறை உருட்டலாம். ஒரு ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை "இடம் மாத்து" என்று சொல்லும் உரிமையைக் கொடுக்கலாம், சொன்னால் நீங்கள் அவன் காய்களுக்கும் அவன் உங்கள் காய்களுக்கும் மாறிக்கொள்வீர்கள். இந்தக் கடைசி விதி என்ன செய்கிறது என்றால், நீங்கள் முழு மூச்சோடு ஆடலாம். நன்றாக ஆடினால் அந்த நல்ல நிலைமை அவனுக்கே போகும். பிள்ளைகள் வளர வளர சலுகையைத் தாங்களே வேண்டாம் என்பார்கள். அந்த நாளுக்காகக் காத்திருங்கள், நீங்களாக எடுத்துவிடாதீர்கள்.

அழுதால் அழட்டும். "இதுக்குப் போய் அழுவாங்களா" என்று மட்டும் சொல்ல வேண்டாம். பலகையைத் தட்டிவிட்டால் அன்றைக்கு ஆட்டம் அவ்வளவுதான், கோபப்படாமல் காயைப் பொறுக்குங்கள், அவனையும் பொறுக்கச் சொல்லுங்கள். பசி நேரத்திலும் தூக்க நேரத்திலும் ஆட்டத்தைத் தொடங்காமல் இருந்தாலே பாதி அழுகை குறையும்.

முதல் ஆள் பழம் எடுத்ததும் ஆட்டத்தை நிறுத்தாமல் எல்லாரும் பழம் எடுக்கும் வரை ஆடுவதும் சின்னவர்களுக்கு நல்லது.

கள்ளாட்டம் ஆடுகிறாள்.

4 வயதில் அது கள்ளாட்டம் இல்லை, ஆசை. 6 வேண்டும் என்று நினைக்கிறாள், கட்டையை 6-ஆகத் திருப்பி வைக்கிறாள். "திருப்பி வைக்கலாம்ங்கிறது விதின்னா, நானும் வைக்கலாமா?" என்று கேளுங்கள். யோசிப்பாள். 7 வயதில் செய்தால் அது போங்குதான், நேராகச் சொல்லலாம். அண்ணன்மார் எல்லாரும் சேர்ந்து "போங்கு, போங்கு" என்று ராகம் போட்டுப் பாடுவதை மட்டும் நிறுத்துங்கள்.

யாருமே தோற்காத ஆட்டம் இருக்கிறதா?

எல்லாரும் ஒரே கட்சியாக ஆடும் ஆட்டங்கள் கடையில் கிடைக்கின்றன, ஆனால் நம் ஊர்க் கடைகளில் தேட வேண்டியிருக்கும். நாங்கள் வீட்டிலேயே ஒன்று செய்துகொண்டோம். அதற்குக் கடைமடை ஆட்டம் என்று பெயர். செலவு ஒன்றும் இல்லை, அதனால் முழுதாகச் சொல்கிறேன்.

தரையில் மேட்டூர் என்று எழுதி, அதிலிருந்து 6 கட்டம் நேராகப் போடுங்கள். ஆறாவது கட்டம் கல்லணை. அங்கே ஆறு பிரிகிறது. உண்மையில் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நாலாகப் பிரிகிறது, நமக்கு இரண்டு போதும். ஒரு பக்கம் காவிரி, மறு பக்கம் வெண்ணாறு, இரண்டிலும் 6 கட்டம். இரண்டின் கடைசியிலும் ஒரு வயல். ஒவ்வொரு வயலிலும் 3 வேப்பிலை வையுங்கள், அதுதான் நாற்று. மேட்டூரில் ஒரு நீல மூடி, அதுதான் தண்ணீர்.

சாதாரணப் பகடை போதும். 1 முதல் 4 வரை விழுந்தால் தண்ணீர் அத்தனை கட்டம் நகரும். கல்லணையைத் தொட்டதும் மீதி நகர்வு இருந்தாலும் நின்றுவிட வேண்டும். அப்போது இன்னொரு நீல மூடியையும் பக்கத்தில் வைத்து இரண்டு ஆற்றுக்கும் தண்ணீர் விடுங்கள். அதற்கு அப்புறம் உருட்டுகிறவர் எந்த ஆற்றில் நகர்த்துவது என்று முடிவு செய்யலாம். 5-ஓ 6-ஓ விழுந்தால் வெயில். இன்னும் தண்ணீர் வராத வயலில் ஓர் இலையை எடுக்க வேண்டும், எந்த வயலில் என்று எல்லாரும் பேசி முடிவெடுக்கலாம். இரண்டு வயலிலும் ஓர் இலையாவது மிச்சம் இருக்கும்போது தண்ணீர் சேர்ந்துவிட்டால் எல்லாரும் ஜெயித்தோம். ஒரு வயல் காய்ந்தால் எல்லாரும் தோற்றோம். சுலபமாக வேண்டுமென்றால் 4 இலை, கடினமாக வேண்டுமென்றால் 2.

எங்கள் வீட்டில் மாமனார் இதில் உட்கார்ந்தால் விடுகிற கதை தனி. வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பது, குறுவைக்குத் தண்ணீர் வராமல் போன வருஷங்கள், மடை திறக்க ராத்திரி மண்வெட்டியோடு போனது எல்லாம் வரும். பிள்ளைகள் உருட்ட மறந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஆட்டம் நின்றுபோனாலும் பரவாயில்லை.

ஒரு எச்சரிக்கை: இப்படிப்பட்ட ஆட்டத்தில் மூத்தவள் எல்லாருக்கும் சேர்த்து முடிவெடுக்கத் தொடங்கிவிடுவாள். உருட்டியவர் பேசிய பிறகுதான் மற்றவர்கள் பேசலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லூடோ, கேரம், டிரேட் எல்லாம்?

லூடோவில் 4 காய்க்குப் பதில் 2 காய், 6-க்கு மட்டுமில்லாமல் 1-க்கும் இறக்கலாம். கேரம் 6, 7 வயதில், விரல் வலிக்காத சின்ன பலகையில், கறுப்பு வெள்ளை பார்க்காமல் எந்தக் காயைப் போட்டாலும் புள்ளி என்று. டிரேட் 9 வயது வரைக்கும் வேண்டாம். மூன்று மணி நேரம் ஓடும், காசு தீர்ந்தவர் வெளியே உட்கார வேண்டும், கடைசியில் நிச்சயம் சண்டை.

செஸ் எப்போது?

நீடாமங்கலம் பக்கம் திருப்பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் இருக்கிறது, அப்பர் பாடிய தலம். சதுரங்கத்தில் யாராலும் வெல்ல முடியாத இளவரசி ராஜராஜேசுவரியோடு சிவபெருமான் முதியவராக வந்து ஆடி ஜெயித்து மணந்தார் என்பது தலபுராணம். நாங்கள் போகும்போதெல்லாம் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "சாமி எந்தக் கலர்ல ஆடுனாரு?"

6 வயதில் தொடங்கலாம், ஆனால் 32 காயையும் முதல் நாளே பரப்ப வேண்டாம். சிப்பாய் மட்டும் எட்டுக்கு எட்டு வைத்து, யாருடைய சிப்பாய் முதலில் எதிர்க்கரை தொடுகிறதோ அவர் ஜெயித்தார் என்று ஆடுங்கள். பத்து நாள் கழித்து ராஜா. அப்புறம் யானை, நேராகப் போவதால் சுலபம். குதிரையைக் கடைசியாகக் கொண்டுவாருங்கள்.

ஆடு புலி ஆட்டம்?

15 ஆடு, 3 புலி, 23 இடம். பழைய கோயில் மண்டபங்களில் தரைக் கல்லில் இந்தக் கோடுகள் வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளைக்கு முதலில் புலியைக் கொடுங்கள். மூன்றே காயைப் பார்த்துக்கொண்டால் போதும், தாண்டிப் பிடிப்பதும் பிடிக்கும். 3 ஆட்டைப் பிடித்தால் புலி ஜெயித்தது என்று வையுங்கள். ஆடுகளை வைத்துப் புலியை மடக்குவதற்கு முன்யோசனை வேண்டும், அது 8 வயது வேலை.

அம்மா வீட்டில் ஒரு விதி, அப்பா வீட்டில் ஒரு விதி. எது சரி?

இரண்டும் சரி. பட்டுக்கோட்டையில் பிறந்த நானும் மன்னார்குடியில் பிறந்த என் கணவரும் கல்யாணமான முதல் பொங்கலிலேயே தாயத்துக்குச் சண்டை போட்டோம். ஒரே தாயம் தெருவுக்குத் தெரு மாறும். யார் வீட்டுத் தரையில் ஆடுகிறோமோ அவர்கள் விதி என்று வைத்துக்கொண்டோம், நிம்மதி. உருட்டுவதற்கு முன்னால் ஒரு பிள்ளையை விட்டு எல்லா விதியையும் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். ஆட்டத்தின் நடுவில் புது விதி கிடையாது, தாத்தாவே சொன்னாலும்.

போனிலேயே லூடோ இருக்கிறதே?

வெளிநாட்டில் இருக்கும் அப்பாவோடு ஆட அது உதவும், அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி போனில் காய் தானாக நகர்கிறது. எண்ணுவதும், விதியை மாற்றிக்கொள்வதும், "நீ வெட்டு பார்க்கலாம்" என்று கண்ணைப் பார்த்துச் சொல்வதும் அதில் இல்லை.

காய் தொலைந்துவிட்டது.

பட்டன், செப்புச் சாமான், சோழி. நிறம் பிரித்துப் பார்க்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு இப்படி வேறு வேறு வடிவத்தில் இருப்பதே நல்லது.

ஐப்பசி, கார்த்திகையில் அட்டைப் பலகை எல்லாம் ஊறிப்போகிறது. எப்படிப் பாதுகாப்பது?

தரையோடு ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள், ஈரமும் கறையானும் முதலில் அங்கேதான் வரும். பெட்டியைப் பிரித்து, பலகையை ஒரு பழைய தலையணை உறையில் போட்டு ஆணியில் மாட்டிவிடுங்கள். காய்களை மூடி இறுக்கமான டப்பாவில் ஒரு பிடி வறுத்த அரிசியோடு வையுங்கள், அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புளியங்கொட்டைகளை வருஷத்துக்கு ஒரு முறை மாசி வெயிலில் காய வைக்கவும். வண்டு துளைத்தவற்றை எடுத்துப் போட்டுவிட்டு, பங்குனியில் புளி அடிக்கும்போது புதிதாக ஒரு கை அள்ளி வைத்துக்கொண்டால் அடுத்த மழைக்காலம் வரைக்கும் போதும்.